ஒப்புரவு: ஒரு சொல்லின் வேரும் விரிவும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே செயலுக்கு மூன்று பெயர்கள் வழங்கும். என் தாயார் "பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறேன்" என்பார். கல்லூரியில் படிக்கும் என் மகள் "கன்ஃபெஷன்" என்பாள். மதுரையில் நாங்கள் செல்லும் பங்குக் கோயிலின் அறிவிப்புப் பலகையிலோ "ஒப்புரவு அருட்சாதனம்" (அருட்சாதனம் என்பது இறையருளைத் தரும் திருச்சடங்கு) என்று எழுதியிருக்கும். முதல் இரண்டும் ஒருவர் வாய்திறந்து தம் பாவத்தைச் சொல்வதை மட்டுமே குறிக்கின்றன; மூன்றாவது, சொன்ன பிறகு என்ன நிகழவேண்டும் என்பதைக் குறிக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு இருப்பவன் என்ற முறையில், இந்த மூன்றாவது சொல்லை நாம் நாள்தோறும் பயன்படுத்தியும் அதன் பொருளைத் தொடாமலே போகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

தூத்துக்குடியைச் சார்ந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் காலத்துச் சபைத் தமிழ், சடங்குச் சொற்களை அவர்கள் மொழியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. 1580-இல் ஹென்றி ஹென்றிகஸ் அடிகளார் பாவ அறிக்கை செய்வோருக்காகத் தமிழில் அச்சிட்ட கையேட்டின் தலைப்பே போர்த்துக்கீசியச் சொல்தான். 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி இந்த வழக்கத்தை விட்டு விலகி, கற்றோர் அவையில் மதிக்கப்பட்ட வடசொல் நடையைக் கைக்கொண்டார். அவர் வழிவந்த மதுரை மிஷன் (இயேசு சபையாரின் மறைப்பணி) தமிழின் சாயலை உடையது பாவசங்கீர்த்தனம் என்னும் சொல். பாவம் என்பதோடு, எடுத்துரைத்தல் என்னும் பொருளுடைய சங்கீர்த்தனம் சேர்ந்தது அது. கத்தோலிக்க ஆயர்களின் பொதுப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1973-இல் உரோமை இந்த அருட்சாதனத்தின் சடங்குமுறையைத் திருத்தி வெளியிட்டபோது, கடவுளோடும் திருச்சபையோடும் மீண்டும் ஒன்றுசேர்தல் என்பதையே அதன் உயிர்நிலையாக முன்வைத்தது. அந்தக் கருத்தைத் தாங்கும் தமிழ்ச் சொல்லாக ஒப்புரவு கத்தோலிக்கர் வழக்கில் ஊன்றியது. சீர்திருத்தச் (புரொட்டஸ்டண்ட்) சபையாரின் பழைய திருப்புதல் வேதாகமத்தில் அது அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது.

இனி வேருக்கு வருவோம். ஒத்தல் என்ற வினையிலிருந்து வருவது ஒப்பு, ஒப்பிலிருந்து ஒப்புரவு. ஒத்தல் என்பதற்குச் சமமாதல், பொருந்துதல், இசைதல், தகுதியாதல் என்ற பொருள்கள் உண்டு. பலர் இச்சொல்லை "ஒப்புறவு" என்று வல்லின றகரம் இட்டு எழுதுகிறார்கள். ஒத்த உறவு என்று மனத்துக்குள் பிரித்துக்கொள்வதால் நேரும் பிழை இது. கருத்து அழகாக இருந்தாலும் சொல் அதுவன்று. இடையின ரகரமே சரி. அந்த வேரில் பிறந்த பிற சொற்களைப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கும்: குற்றத்தை ஏற்பதை ஒப்புக்கொள்ளுதல் என்கிறோம். ஆக, பாவ அறிக்கையும் அதன் பயனான உறவுச் சீரமைப்பும் தமிழில் ஒரே வேரின் இரு கிளைகள். அதே வேரில்தான் "ஒப்புக்குச் செய்தான்" என்பதும் பிறந்திருக்கிறது என்பதை அறிவிப்புப் பலகை எழுதும் நாம் மறக்கக்கூடாது.

கிறிஸ்தவர் கைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இச்சொல் தமிழில் நிறைந்து நின்றது. ஆத்திசூடி "ஒப்புர வொழுகு" என்கிறது. மதுரைப் பொற்றாமரைக் குளத்தங்கரையில் அரங்கேறியதாகக் கதை வழங்கும் திருக்குறளில் 22ஆம் அதிகாரமே "ஒப்புரவறிதல்". பரிமேலழகர் அதற்கு உலகநடை அறிந்து செய்தல் என்று பொருள் கூறி, அது நூல்களில் விதித்துச் சொல்லப்படாமல் அவரவர் தாமே அறிந்து செய்யவேண்டிய தன்மையது என்று விளக்குகிறார். வள்ளுவர் தரும் உவமைகளோ உரையைவிடத் தெளிவானவை. கைம்மாறு கருதாத மழை. உள்ளூரின் நடுவே பழுத்த பயன்மரம். தன் எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். இவற்றுக்கெல்லாம் மேலாக, "ஊருணி நீர்நிறைந் தற்றே" என்னும் தொடர். மதுரைக்கு மேற்கே செக்கானூரணியிலோ கிழக்கே சிவகங்கைச் சீமையிலோ வாழ்பவருக்கு ஊருணியை விளக்க வேண்டியதில்லை. தனி ஒருவருக்கு உரியதாக இல்லாமல், ஊரார் எல்லாரும் குடம் இறக்கி மொண்டு செல்லும் குடிநீர் அது. ஊருணியில் ஒரு தெருவுக்கு மட்டும் படித்துறை மறுக்கப்பட்டால், நீர் எவ்வளவு நிறைந்திருந்தாலும் அங்கே வள்ளுவர் சொன்ன ஒப்புரவு இல்லை. மதுரை மிஷனைச் சேர்ந்தவரும், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவருமான வீரமாமுனிவர் இந்த அதிகாரத்தை ஊன்றிப் படித்தே கடந்திருப்பார் என்று எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

விவிலியத்தின் கிரேக்க மூலத்தில் பவுல் அடிகள் ஆளும் சொல் "கத்தல்லகே". பண்டமாற்று, நாணயமாற்று ஆகியவற்றிலிருந்து வளர்ந்து, பகை மாறி நட்பாதல் என்ற பொருளுக்கு வந்த சொல் அது. லத்தீன் மொழியாக்கம் மீண்டும் ஒன்றுகூட்டுதல் என்ற பொருளுடைய சொல்லைக் கொண்டது. தமிழோ மாற்றத்தையும் கூட்டத்தையும் விட்டு, சமமாகப் பொருந்துதலைத் தேர்ந்தது. பழைய திருப்புதலில் 2 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தை வாய்விட்டுப் படித்தால் அந்தத் தேர்வின் வலிமை தெரியும்: தேவன் நம்மைத் தம்மோடே "ஒப்புரவாக்கி", அந்த ஊழியத்தை "ஒப்புக்கொடுத்தார்", அதன் உபதேசத்தை "ஒப்புவித்தார்" என்று ஒரே வேர் மூன்று முறை ஒலிக்கிறது. மத்தேயு 5:24-இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" வரச் சொல்லுகிறார் ஆண்டவர். இன்றைய பொது மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் "நல்லுறவு ஏற்படுத்திக் கொள்ளுங்கள்" என்று எளிமையாக்குகிறது. புரிகிறது, ஆயினும் கடவுளோடு ஆவதும் சகோதரனோடு ஆவதும் ஒரே சொல்லால் பிணைந்திருந்த பழைய கட்டு அங்கே அவிழ்ந்துவிடுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கட்டு தொடக்கத் திருச்சபைக்கு நன்கு தெரிந்திருந்தது. பெரும்பாவத்தில் விழுந்தவர்கள் சபையறியத் தவம் செய்தார்கள். உரோமைச் சபையில் ஈஸ்டருக்கு முந்தைய வியாழனான பெரிய வியாழனன்று ஆயர் அவர்களை மீண்டும் நற்கருணைப் பந்திக்கு ஏற்றுக்கொண்டார். தனியாக அருட்பணியாளரின் காதில் சொல்லும் முறை பின்னர் அயர்லாந்துத் துறவியரால் பரவியது. எகிப்தின் பாலைவனத் துறவியருள் ஒருவரான மோசேயைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. குற்றம் செய்த ஒரு சகோதரரைத் தீர்ப்பிடக் கூடிய அவைக்கு அழைக்கப்பட்டபோது, அவர் ஒழுகும் பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பிச் சுமந்து வந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், என் பாவங்கள் எனக்குப் பின்னே ஒழுகிக்கொண்டிருக்கின்றன, நான் அவற்றைக் காண்பதில்லை, இன்று இன்னொருவரைத் தீர்ப்பிட வந்திருக்கிறேன் என்றார். அவை அந்தச் சகோதரரை மன்னித்தது. தாமும் ஒழுகும் பாத்திரமே என்று ஒப்புக்கொண்டவர், குற்றவாளிக்கு ஒப்பாகத் தம்மை நிறுத்திக்கொண்டார். ஒத்தல் என்ற வேர் இதைவிடத் தெளிவாக எங்கே விளங்கும்?

இதற்கு ஈடாக வழங்கும் பிற சொற்களையும் பார்க்கவேண்டும். சமாதானம் அமைதியைக் குறித்தாலும், "சமாதானம் சொல்கிறான்" என்றால் சாக்குச் சொல்கிறான் என்றாகிவிட்டது. சமரசம் இன்று விட்டுக்கொடுத்துப் பேரம் முடிப்பதையே பெரிதும் சுட்டுகிறது. நல்லிணக்கம் இனங்களுக்கும் சமயங்களுக்கும் இடையே பேசப் பொருத்தமானது. ஒரு வீட்டு முற்றத்துக்கு அது பெரிய சொல். எங்கள் பக்கத்துப் பேச்சில் "ராசியாயிட்டாக" என்பார்கள்; இசைவு என்ற பொருளில் உருது வழியாக வந்த சொல் அது.

என் தந்தையாரும் சித்தப்பாவும் கிணற்று நீர் முறையில் தகராறாகி ஆறு ஆண்டுகள் பேச்சற்று இருந்தார்கள். ஒரு பெரிய வியாழன் காலையில் பாவ அறிக்கைக்காக வரிசையில் நின்றிருந்த தந்தையார், தம் முறை வருவதற்கு இரண்டு பேர் இருக்கையில் வெளியேறி நடந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன். சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அமராமலே, "நாளைக்கு முறை ஒன்னோடதுதான்டா, மோட்டார நீயே போட்டுக்க" என்றார். சித்தப்பா சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "காப்பி குடிச்சிட்டுப் போண்ணே" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. தந்தையார் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவந்து வரிசையின் கடைசியில் நின்றார். ராசியானது என்று ஊர் சொன்னதைவிட, நீரைப் பங்கிட்டுக்கொண்டு ஒத்துப்போன அந்தச் செயலுக்கு வள்ளுவரின் சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சபை வாழ்வில் இச்சொல்லை முழுப் பொருளோடு எடுத்தால் அது நம்மைச் சுடும். நமக்கு இவ்வளவு சொற்களைத் தந்த மதுரை மிஷனிலேயே, உயர்சாதியாரிடம் செல்லப் பிராமண சந்நியாசிகள் என்றும், 1640 முதல் ஏனையோரிடம் செல்லப் பண்டாரசாமிகள் என்றும் குருக்கள் இரு வகையாகப் பிரிந்து பணியாற்றினார்கள். அக்காலத்தின் நெருக்கடியை நான் அறிவேன். ஆனால் இன்றும் தமிழகத்தின் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைகள் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதற்கு அந்தக் காலத்தைக் காரணம் காட்ட முடியாது. மறுபுறம், ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானதும், அமெரிக்க மிஷனின் பழைய சபைகளைக் கொண்ட மதுரை இராமநாதபுரம் திருமண்டிலத்துக்கு ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின் முதல் பேராயரானதும் இதே மண்ணில் நடந்தவைதாம்.

வழக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பல பங்குகளில் "ஒப்புரவு பெற வாருங்கள்" என்று அறிவிக்கிறார்கள். பெறுவது என்றால் ஒருவர் தனியே வந்து வாங்கிச் செல்லும் பொருள்போல் ஆகிவிடுகிறது. ஒப்புரவாகு என்ற வினை "ஓடு" என்னும் வேற்றுமை உருபைக் கேட்டு நிற்பது: தேவனோடே ஒப்புரவாகுங்கள், சகோதரனோடே ஒப்புரவாகி. யாரோடு என்று சொல்லாமல் அந்த வாக்கியம் நிறைவதில்லை. எனவே அறிவிப்புப் பலகையில் "கடவுளோடும் ஒருவர் மற்றவரோடும் ஒப்புரவாக வாருங்கள்" என்று, நேரத்துக்கும் நாளுக்கும் மேலே எழுதினால் நலம். சுண்ணக்கட்டியால் எழுதும்போது இடையின ரகரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.