கூண்டுக்குள் குட்டி போட்டால் இனம் பிழைத்துவிட்டதா?

உயிரியல் பூங்காவில் கால்நடை மருத்துவராக இருப்பவருக்கு அடிக்கடி கிடைக்கும் வாழ்த்து ஒன்று உண்டு. "குட்டி போட்டிருக்கிறதாமே, இனி அந்த இனத்துக்குக் கவலையில்லை!" என்பார்கள். மனமார வாழ்த்துபவரிடம் கணக்குப் பேசுவது அழகில்லை என்பதால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். ஆனால் குட்டி எழுந்து நின்று பால் குடித்துவிட்டது என்று தெரிந்ததும் நாங்கள் திறப்பது வம்சாவளிப் பதிவேட்டைத்தான். தாயும் தந்தையும் எவ்வளவு நெருங்கிய உறவு, இந்த வழியில் ஏற்கெனவே எத்தனை வாரிசுகள், எந்த மூதாதையின் வழி அற்றுப்போகும் நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். சில பிறப்புகள் எங்களுக்குப் பெரிய செய்தி. சில, இடத்தை அடைத்துக்கொள்ளும் இன்னொரு வாய் மட்டுமே. இதைச் சொன்னால் கல்நெஞ்சன் என்பார்கள்.

இனங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'இயற்கையில் அற்றுப்போனவை' என்று ஒரு வகை இருக்கிறது. தோட்டத்தில் செடியாகவோ, பூங்கா போன்ற காப்பிடத்தில் மனிதப் பராமரிப்பில் வாழும் விலங்காகவோ, பூர்வீக எல்லைக்கு வெகு வெளியே குடியேறிய கூட்டமாகவோ மட்டும் மிஞ்சியிருக்கும் இனங்கள் இதில் வரும். முழுதாக அழிந்தவற்றுக்கு ஒரு படி முன்னால் இருக்கும் நிலை இது. அந்தப் படியில் ஓர் இனத்தால் எவ்வளவு காலம் நிற்க முடியும் என்பதைத் தலைக்கணக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. எத்தனை விலங்குகளிலிருந்து தொடங்கினார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

கருங்கால் ஃபெரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்த, கீரியளவுள்ள ஊனுண்ணி. அழிந்துவிட்டது என்று கைவிடப்பட்ட பிறகு, 1981-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மீட்டீட்சி என்ற ஊரருகே ஒரு கூட்டம் தென்பட்டது. சில ஆண்டுகளிலேயே கேனைன் டிஸ்டெம்பர் என்னும் நாய்களின் வைரஸ் நோயும் பிளேக்கும் அந்தக் கூட்டத்தைக் கரைத்தன. 1987-க்குள் எஞ்சிய 18-ஐயும் பிடித்துக் காப்பிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றிலும் ஏழின் மரபுவழி மட்டுமே தொடர்ந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் பிறந்தும், அத்தனையும் அந்த ஏழின் வாரிசுகள்தான். ஏழு என்பது ஏழு லட்சமாகப் பெருகினாலும், தொலைந்த மரபணு வகைகள் திரும்பி வராது.

இதில் ஒரு விசித்திரமான விலக்கும் நடந்திருக்கிறது. வாரிசு இல்லாமல் 1988-இல் இறந்த வில்லா என்ற பெண் ஃபெரெட்டின் செல்களை யாரோ முன்யோசனையோடு உறைநிலையில் சேமித்துவைத்திருந்தார்கள். அதிலிருந்து 2020-இல் எலிசபெத் ஆன் என்ற நகலி (குளோன்) பிறந்தது. அதே செல்களிலிருந்து பின்னர் பிறந்த அன்டோனியா 2024-இல் குட்டிகளையும் ஈன்றது. எட்டாவதாக ஒரு மூதாதை கிடைத்துவிட்டது. செய்தித்தாள்கள் நகலியைக் கொண்டாடின. நான் கொண்டாடுவது 1988-இல் அந்தத் திசுவை வீசியெறியாமல் குளிர்பெட்டியில் வைத்த கையை.

மருத்துவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பழைய கதை ஒன்றும் இந்த விலங்கோடு சேர்ந்தது. 1970-களில் காப்பிடத்திலிருந்த சில ஃபெரெட்டுகளுக்கு டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்டார்கள். வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் அடங்கிய ஊசி. வேறு விலங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அந்த ஊசியே நோயாக மாறி நான்கு விலங்குகளைக் கொன்றது. அரிய இனம் என்றால், எந்த மருந்து எந்த அளவில் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே இருக்க மாட்டார்; சோதித்துப் பார்க்க உபரி விலங்கும் இருக்காது.

செடிகளில் இன்னும் கடுமையான உதாரணம் என்செபலார்டோஸ் வுடி. பனைபோலத் தோன்றும் சைகாட் வகை. தென்னாப்பிரிக்கக் காடு ஒன்றில் 1895-இல் கண்டெடுக்கப்பட்டது ஒரே ஒரு செடி, அதுவும் ஆண். இன்று உலகெங்கும் தாவரவியல் தோட்டங்களில் கம்பீரமாக நிற்பவை எல்லாம் அதன் பக்கக்கன்றுகளிலிருந்து வந்தவை. எத்தனை நட்டாலும் எல்லாம் ஆண்தான். பெண் செடி எங்கும் கிடைக்கவில்லை. தன் இனத்தோடு சேர்ந்து விதை தர அதற்கு வழியே இல்லை.

அடுத்த கேள்வி, அவற்றை எத்தனை இடங்களில் வைத்திருக்கிறார்கள் என்பது. எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் ஒரே நோய் மொத்தத்தையும் முடித்துவிடலாம். பாலினீசியத் தீவுகளின் பார்ட்டுலா நத்தைகள் விரல்நுனி அளவே இருக்கும். ஆப்பிரிக்க ராட்சத நத்தை பயிரை அழிக்கிறது என்று அதைக் கொல்ல ஊனுண்ணி நத்தை ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். அது ராட்சதனை விட்டுவிட்டுச் சின்னஞ்சிறு பார்ட்டுலாக்களைத் தின்று தீர்த்தது. பல இனங்கள் பிளாஸ்டிக் பெட்டிகளில்தான் உயிர்பிழைத்தன. பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை 1996-இல் லண்டன் பூங்காவில் இறந்தது. ஒட்டுண்ணி ஒன்று அந்த இனத்தின் கதையை முடித்தது. கூண்டுக்குள் வந்துவிட்டால் பாதுகாப்பு என்று நம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த நத்தையைப் பற்றித்தான். மற்ற பார்ட்டுலாக்களில் சில 2015 முதல் தீவுகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

மாறாக, காப்பாற்றும் வேகத்தில் நாமே ஒன்றை அழித்ததும் உண்டு. 1987-இல் கலிஃபோர்னியா காண்டார் கழுகுகளில் இயற்கையில் இருந்த கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டபோது உலகில் மொத்தம் 27 இருந்தன. பிடித்த பறவைகளுக்குப் பேன் மருந்து போட்டுச் சுத்தம் செய்தார்கள். காண்டாரின் உடலில் மட்டுமே வாழ்ந்த பேன் இனம் ஒன்று அத்தோடு இல்லாமல் போனது. பேனுக்காக யார் அழுவார்கள்? ஆனாலும் அதுவும் ஓர் இனம்தான்.

நோயைவிட எனக்கு அதிகம் பயம் தருவது நடத்தை. ஹவாயின் அலலா காகம் 2002-இல் இயற்கையிலிருந்து மறைந்தது. காப்பிடக் காகங்களின் குரல்களை ஆராய்ந்தவர்கள், எல்லையை அறிவிக்கும் கூவல் அருகிவிட்டதைக் கண்டார்கள். சொந்த எல்லையே இல்லாத கூண்டில் அதைக் கூவ அவசியமில்லை. மூத்தவை கூவாவிட்டால் இளையவை யாரிடம் கற்கும்? 2016-இலிருந்து ஹவாய் பெருந்தீவில் விடுவித்தபோது, பகைவிலங்குகளை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தே அனுப்பினார்கள். அப்படியும் 'ஈயோ' என்ற உள்ளூர்ப் பருந்து பலவற்றை அடித்துக்கொன்றது. 2020-இல் எஞ்சியவற்றைத் திரும்பப் பிடித்துவர நேர்ந்தது. 2024-இல் ஐந்து காகங்களை மாவி தீவில் விட்டிருக்கிறார்கள். அந்தத் தீவில் அந்தப் பருந்து இல்லை.

பூர்வீகத்துக்கு வெளியே குடியேற்றுவது எனக்கு முழுச் சம்மதம் தரும் வழி இல்லை. புதிய இடத்தில் யாரை என்ன செய்யும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வேறு வழி இல்லாத இடங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்கோடு குவாம் தீவுக்குப் போய்ச் சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அங்கிருந்த காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றை விழுங்கிவிட்டது. பாம்பு இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதனால் குவாம் மீன்கொத்தியை 2024-இல், பாம்பே இல்லாத பால்மைரா பவளத்தீவில் விட்டார்கள். முதலில் போனவை ஒன்பது.

காரணத்தைச் சரிசெய்யாமல் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அரேபிய ஓரிக்ஸ் என்ற நீண்ட கொம்புள்ள பாலை மான் சாட்சி. 1972-இல் இயற்கையில் அற்றுப்போய், 1982-இல் ஓமன் பாலைக்குத் திரும்பியது. பெருகியும் வந்தது. 1990-களின் பிற்பாதியில் கள்ள வேட்டை மீண்டும் தலைதூக்க, அந்தக் கூட்டம் சரிந்தது. அதன் உறவான கொடுவாள்கொம்பு ஓரிக்ஸ் பாடம் படித்துக்கொண்டு போனதுபோல் இருக்கிறது: 2016-இல் சாட் நாட்டின் மிகப்பெரிய காப்பகத்துக்குச் சென்றது, அங்கேயே கன்றுகள் ஈன்றது, 2023-இல் 'இயற்கையில் அற்றுப்போனவை' வகையிலிருந்து 'அருகிவருபவை' வகைக்கு மாற்றப்பட்டது.

எனவே, அடுத்த முறை பூங்காவில் இப்படி ஒரு விலங்கின் முன் நிற்கும்போது பராமரிப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை மூதாதைகள்? வேறு எங்கே வைத்திருக்கிறார்கள்? அதை அழித்த காரணம் இப்போது என்ன ஆயிற்று? பதில் தெரிந்தவர் உற்சாகமாகப் பேசுவார். தெரியாதவர் அன்று மாலையே விசாரிப்பார்.

மேலே வந்த கதைகளில் பலவற்றில் பாம்பையும் நத்தையையும் நோயையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோனது மனிதர்கள். ஆசைக்கு வாங்கிய மீனையோ ஆமையையோ நத்தையையோ வளர்க்க முடியாமல் போனால், பாவம் பார்த்து ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். வாங்கிய இடத்திலோ விலங்கு மீட்பு அமைப்பிலோ ஒப்படையுங்கள். தொட்டித் தண்ணீரையும் நீர்நிலைகளில் கொட்ட வேண்டாம்; தவளைகளைக் கொல்லும் பூஞ்சை அதன் வழியாகவும் பரவும்.