ராத்திரியில் படிகாரம் கேட்டு போன் வந்தால்

மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும்போது குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் மளமளவென்று தீரும். இருப்பு காலியானாலோ, பம்ப் மோட்டார் எரிந்துபோனாலோ பொறியாளர் டெண்டர் விட்டுக் காத்திருக்க முடியாது. தெரிந்த சப்ளையருக்குப் போன் போடுவார். "இப்போ லோடை அனுப்புங்க, பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." லோடு போய்விடும், ஊருக்குத் தண்ணீரும் வந்துவிடும். பணம் மட்டும் வராது.

மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு ராத்திரி கண்விழித்துச் செய்த வேலையின் பில்லுக்காக ஒரு நகராட்சிப் படியை ஒன்றரை வருடம் ஏறி இறங்கினார். போன் செய்த பொறியாளர் மாறுதலில் போய்விட்டார். புதிதாக வந்தவர், "இது என் பீரியட்ல நடக்கலையே" என்றார். இதை அவர் மாதிரி ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமானது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 என்று ஒன்று இருக்கிறது. அதன் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்து இந்த நாட்களைக் குறைக்கலாம். இயற்கைப் பேரிடரின்போதும் அரசு அறிவித்த அவசரநிலையின்போதும் டெண்டரே வேண்டாம் என்கிறது 16-வது பிரிவு.

முதல் பொறி இங்கேதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரையிலிருந்த நீரேற்று நிலையங்கள் மூழ்கின. அது பேரிடர் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாதாரண செவ்வாய்க்கிழமையில் மோட்டார் எரிவது அப்படியல்ல. பொறியாளர் வாயால் 'எமர்ஜென்சி' என்று சொல்வதால் மட்டும் இந்த விலக்கு கிடைத்துவிடாது. "இந்த உதிரிபாகம் ஒரே கம்பெனியில்தான் கிடைக்கும், டெண்டர் வேண்டாம்" என்ற காரணத்தையும் அவர் தனியாக முடிவு செய்ய முடியாது; அதை மூன்று நிபுணர்கள் கொண்ட குழு பார்த்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஃபைலில் இல்லையென்றால் தணிக்கையில் ஆட்சேபணை வரும். ஆட்சேபணை அலுவலகத்துக்கு, நிற்பதோ உங்கள் பில்.

பேரிடர் அல்லாத அவசரத்துக்கு உள்ளாட்சிகளில் இன்னொரு வழி புழக்கத்தில் உண்டு. தலைவர் அல்லது மேயரிடம் முன் அனுமதி வாங்கி வேலையை முடித்துவிட்டு, அடுத்த மன்றக் கூட்டத்தில் வைப்பார்கள். அந்தப் பொருளை அஜெண்டாவில் சேர்க்க மறந்துவிட்டால் போச்சு. "கவுன்சில்ல பாஸ் ஆகணும் சார்" என்ற பதிலை மாதக்கணக்கில் கேட்பீர்கள்.

ஆகவே லாரி கிளம்பும் முன்பே ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள். முறையான ஆர்டர் அந்த நேரத்தில் கிடைக்காது, சரி. என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை, யார் கேட்டார் என்று வாட்ஸ்அப்பிலாவது வரட்டும். இறக்கும்போது டெலிவரி சலானில் கையெழுத்தோடு பெயர், பதவி, தேதி, முத்திரை நான்கும் வேண்டும். வாட்ச்மேன் போட்ட வெறும் கிறுக்கல் உதவாது. ஸ்டாக் ரெஜிஸ்டரில் எந்தப் பக்கத்தில் ஏற்றினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் வேலையென்றால் எம்-புக்கில், அதாவது செய்த வேலையைக் குறிக்கும் அளவுப் புத்தகத்தில், பதிந்தார்களா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சில வாரம் கழித்து, "பழைய தேதி போட்டு வேற ரெண்டு லெட்டர்பேடுல கொட்டேஷன் கொண்டு வாங்க, பில்லைப் பாஸ் பண்ணிடலாம்" என்பார்கள். செய்யாதீர்கள். பில்லைத் துண்டு துண்டாக உடைத்துத் தரச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். விசாரணை என்று வந்தால் போலிக் காகிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

பணம் தாமதமானால் கையில் இருக்கும் ஆயுதம் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. நகராட்சி என்பதால் விலக்கு கிடையாது. பொருள் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், இறக்கிய நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். "தரம் சரியில்லை" என்று ஆறு மாதம் கழித்து ஆரம்பிப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

ஆனால் இதிலும் பொறிகள் உண்டு. உத்யம் எனும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு சப்ளைக்கு முன்பே இருக்க வேண்டும். சண்டை வந்தபிறகு பதிந்தால் சிக்கல். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு, நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இல்லை. வியாபாரியின் உத்யம் பதிவு வங்கிக் கடனுக்கு மட்டுமே பயன்படும். பட்டறை வைத்திருப்பவரை பிரவுசிங் சென்டரில் 'டிரேடர்' என்று பதிந்துவைத்திருப்பார்கள். சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். தகுதி இருந்தால் இதற்கென்று உள்ள மத்திய அரசின் இணையதளத்தில் மனு போடலாம், இப்படிப்பட்ட பணத் தகராறுகளைப் பார்க்கும் வசதி மன்றம் விசாரிக்கும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

வியாபாரிகளுக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு இருக்கிறது. இலவசமாக அல்லாமல் ஒருவர் செய்துகொடுத்ததன் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும். முறையான ஒப்பந்தம் இல்லாமலே அரசுக்குக் கிடங்கு கட்டிக்கொடுத்த பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் இதைத்தான் சொன்னது. மூன்று வருடக் காலவரம்பு உண்டு. "அடுத்த மாசம் வாங்க" என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு மாதமும் அதில்தான் கழிகிறது.

பட்டறைக்காரர் விஷயத்தில் ஃபைலை அசைத்தது ஒரு 10 ரூபாய்த் தகவல் உரிமை மனு. கேட்டது மூன்றே நகல்: அந்தத் தேதிக்கான எம்-புக் பக்கம், அவசர அனுமதிக் குறிப்பு, அதை மன்றத்தில் வைத்த தீர்மானம். 30 நாள் கெடு முடியும் முன்பே அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து அவருக்குப் போன் வந்தது.