உப்புச் சாலையும் வண்டியின் அடிவயிறும்

பனிக்காலத்தில் பனி உறையாமலிருக்க உப்பு தூவிய சாலையில் ஓடிவிட்டு வந்த காரின் கதவுகளில் வெள்ளையாக ஒரு படலம் படிந்திருக்கும். பெரும்பாலோர் கவலைப்படுவது அதைப் பார்த்துத்தான், கழுவுவதும் அதைத்தான். உண்மையில் அந்த இடத்தில் உப்பால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பெயின்ட் முழுசாக இருக்கும்வரை உப்பு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் இரும்பைத் தொட அதற்கு வழியில்லை. ஆபத்து வேறு இடத்தில் நடக்கிறது: இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெல்டிங் ஆன இடுக்கில், கதவின் கீழ் மடிப்பில், பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில். பனிக்காலத்துக்கு முன் நாம் அடிக்கும் துருத் தடுப்பு மருந்து அந்த இடுக்குகளுக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் முதல் கேள்வி. எவ்வளவு தடிமனாகப் பூசினோம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஏன் அப்படி என்று புரிய, உப்பு என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உப்பு கரைந்த நீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. சாதாரண உப்பான சோடியம் குளோரைடு நீரில் 23 சதவீதம் கரைந்திருந்தால் உறைநிலை மைனஸ் 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அது சோதனைக்கூடக் கணக்கு. சாலையில் மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போதே உப்பு பனியை உருக்கும் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதைவிடக் குளிரான இடங்களில் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் உதவிக்கு வருகின்றன. சாலைப் பனியை உருக்க இரண்டும் நல்லவை. வண்டிக்கு எப்படி என்பதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

உப்பு இரும்பைத் தின்கிறது என்று சொல்வது வழக்கம். இரும்பு துருப்பிடிக்கத் தேவை நீரும் ஆக்சிஜனும்தான். உப்பே இல்லாவிட்டாலும் அது நடக்கும், மெதுவாக. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. வேறோர் இடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடும்; சுற்று முழுமையாக வேண்டுமானால் அயனிகள் நீரின் வழியே நகர வேண்டும். மழைநீரில் அயனிகள் மிகக் குறைவு, அதனால் இந்தச் சுற்று தட்டுத்தடுமாறித்தான் நடக்கும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதில் மழைநீரைவிட ஆயிரம் மடங்கு அளவுக்குத் தேர்ந்தது. ஆக, உப்பின் முதல் வேலை வழி திறந்துவிடுவது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. துருப்பிடித்தலை ஓர் அறிவியல் துறையாகவே வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான கேம்பிரிட்ஜின் யூ. ஆர். இவான்ஸ் பெயரில் வழங்குவது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விடுவார்கள். அதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும்: இரும்பு கரைந்து வந்தால் நீலமாகும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு, காரத்தன்மை கூடினால் இளஞ்சிவப்பாகும் ஃபினாஃப்தலீன். முதலில் சொட்டின் அடியில் நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் அங்கங்கே சிதறித் தெரியும். சொட்டுக்குள் இருந்த ஆக்சிஜன் தீரத்தீரக் காட்சி மாறும். நடுவில் எல்லாம் நீலம். ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவே பழுப்பாகத் துரு படியத் தொடங்கும்.

ஓரத்தில் நீர் மெல்லியதாக இருப்பதால் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்து சேர்கிறது. நடுவில் அது எட்டுவதில்லை. ஆக்சிஜன் நிறைந்த ஓரம் எலக்ட்ரான் கேட்கிறது. அதைக் கொடுப்பதற்காக ஆக்சிஜன் இல்லாத நடுப்பகுதி கரைகிறது. காற்றுப் படாத இடம் பத்திரமானது என்றுதான் நமக்குத் தோன்றும். உப்புநீர் நடுவே வந்துவிட்டால் கணக்கு தலைகீழ்: காற்றுப் படாத இடம்தான் ஓட்டையாகும். துரு படிவது ஒரு பக்கம், இரும்பு குறைவது இன்னொரு பக்கம் என்பதையும் கவனியுங்கள். பெயின்டில் ஒரு சின்னக் கொப்புளத்தைக் குத்திப் பார்த்தால் அடியில் தகடே இல்லாமல் போயிருப்பதன் காரணம் இதுதான்.

அந்த ஒரு சொட்டைக் காரின் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் வண்டியின் நோய் வரைபடமே கிடைத்துவிடும். கதவின் வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருக்கும் கீழ் விளிம்பு. மட்கார்டின் உள்விளிம்பில் அப்பிக் காயாமல் கிடக்கும் சேறு. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவப் பகுதியின் உட்புறம். ஜாக்கி வைக்கும் மடிப்பு. எல்லாமே நீர் நுழையும், ஆனால் சுலபத்தில் காயாத, காற்று சரியாகப் போகாத இடங்கள்.

இடுக்குக்குள் நடக்கும் இன்னொரு கூத்தும் இருக்கிறது. கரைந்த இரும்பு அயனிகளைத் தேடிக் குளோரைடு உள்ளே நகர்கிறது. இரும்புக் குளோரைடு நீரோடு வினைபுரிந்து இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிய, மிஞ்சுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கும். குளோரைடு செலவாகாமல் மறுபடி வேலைக்குத் தயாராக நிற்கும். அதனால்தான் ஒரே ஒரு பனிக்காலத்தில் உள்ளே போன உப்பு கோடையிலும் வேலை செய்கிறது. போதாக்குறைக்குத் துரு தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் தகடுகளை விரித்துத் தள்ளி, அடுத்த உப்புநீருக்கு வாசலைப் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

இப்போது அந்தக் கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகள். காய்ந்த சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரைசலாகும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதம் போதும். கால்சியம் குளோரைடுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சாதாரணமான ஒரு நாளின் காற்றில் இந்த ஈரப்பதம் இருந்துகொண்டே இருக்கும். கார் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் இடுக்கிலிருக்கும் உப்பு ஈரமாகவே இருக்கிறது என்று அர்த்தம். அதாவது, வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்தாலும் துருவுக்கு விடுமுறை கிடையாது.

வெப்பநிலையும் சேர்ந்துகொள்ளும். கடுங்குளிரில் வினை மிக மெதுவாக நடக்கும். பனிச்சேறு ஒட்டிய வண்டியைக் கதகதப்பான காரேஜில் ராத்திரி முழுக்க நிறுத்தினால் சேறு உருகி இடுக்குகளுக்குள் இறங்கும், வினையும் வேகம் பிடிக்கும். துருவை மட்டும் கணக்கில் வைத்தால் வெளியே குளிரில் நிற்கும் வண்டிக்கே ஆயுள் அதிகம். காலையில் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருக்குமே என்பது தனிக் கதை.

தொழிற்சாலை இதற்கெல்லாம் ஒன்றும் செய்யவில்லையா? நிறையவே செய்கிறது. வெல்டிங் முடிந்த முழுக் கூட்டையும் ப்ரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் 20 மைக்ரான் அளவுக்குப் படலம் படியவைத்துச் சூளையில் வாட்டுகிறார்கள். குறை ஒன்றுதான்: சூளையில் படலம் இளகும்போது கூரான தகட்டு விளிம்புகளிலிருந்து பின்வாங்கி அங்கே மெலிந்துவிடும். துரு முதலில் விளிம்பில் தலைகாட்டுவதற்கு இது ஒரு காரணம். அடுத்தது துத்தநாகப் பூச்சு. 1970களின் நடுவில் போர்ஷே 911 துத்தநாகம் பூசிய கூட்டோடு வந்தது. பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். பெயின்டும் பூச்சும் கீறி இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அது கரையக் கரையத் தீர்ந்துபோகிற சரக்கு. உப்பில் இன்னும் சீக்கிரம் தீரும்.

ஓர் உலோகத்தைப் பலி கொடுத்து இன்னொன்றைக் காக்கும் இந்த உத்தியை ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1824இலேயே கப்பல்களில் முயன்றார். கப்பலின் அடியில் அறைந்த செப்புத் தகடுகளோடு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்தார். செம்பு அரிப்பது நின்றது. கூடவே இன்னொன்றும் நடந்தது: கரைந்துகொண்டிருந்தவரை செம்பு கடல்வாழ் சிப்பிகளைக் கொன்றுவந்தது, கரைவது நின்றதும் அவை அடிப்பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன.

டேவியின் கருத்தைச் சொல்லித்தான் காரின் பேட்டரியில் இணைக்கும் ‘துருத் தடுப்பு’ மின்னணுப் பெட்டிகளையும் விற்கிறார்கள். கப்பலிலும் மண்ணில் புதைத்த குழாயிலும் இந்த முறை வேலை செய்யக் காரணம், காக்கும் உலோகமும் காக்கப்படும் உலோகமும் ஒரே கடலிலோ ஒரே ஈரமண்ணிலோ மூழ்கியிருப்பது. காரில் இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சேற்றுக் கட்டி. பெட்டியிலிருந்து அங்கெல்லாம் அயனிகள் போய்ச்சேரப் பாதையே கிடையாது. அந்தக் காசை எண்ணெய்க்குச் செலவழிக்கலாம்.

சரி, எதைத்தான் அடிப்பது? தார் அல்லது ரப்பர் கலந்து கெட்டியாகக் காயும் அண்டர்கோட்டிங் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கல்லடியையும் தாங்கும். புது வண்டியின் சுத்தமான தகட்டில் தவறில்லை. ஏற்கெனவே உப்பில் ஓடிய வண்டியில் அதை அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வருடங்கள் போனால் அது இறுகி வெடிக்கும். வெடிப்பில் நுழைந்த உப்புநீர் தகட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அதாவது, இவான்ஸின் சொட்டு போன்ற ஓர் இடுக்கை நாமே காசு கொடுத்து உண்டாக்குகிறோம். மேலே கறுப்பாகப் பளபளப்பதால் உள்ளே நடப்பதும் தெரியாது.

காயாத எண்ணெய் வகைகளின் வலிமை அவை ஊருவதில்தான். உப்புநீர் எந்த நுண்புழை ஈர்ப்பால் மடிப்புக்குள் ஏறியதோ அதே ஈர்ப்பால் எண்ணெயும் ஏறும். நீரைத் தள்ளிவிட்டுத் தகட்டைப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் மெல்லிய துருவுக்குள்ளும் இறங்கும். விலை என்னவென்றால் ஒவ்வொரு வருடமும் மறுபடி அடிக்க வேண்டும், ஓரிரண்டு நாள் தரையில் சொட்டும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லனோலின் கொழுப்பு கொஞ்சம் கெட்டியானது, எளிதில் கழுவிப் போகாது. மெழுகு வகைகள் இன்னும் நாள் தாங்கும், ஆனால் சுத்தமான, காய்ந்த தகடு கேட்கும். என் கணக்கு: பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் மடிப்புகளிலும் எண்ணெய், சக்கரங்கள் நீரை வாரி அடிக்கும் வெளிப்புறங்களில் லனோலின் அல்லது மெழுகு.

வேலையைச் சாலையில் உப்பு விழுவதற்கு முன்பே, வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் இலையுதிர் காலத்தில் செய்ய வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிட்டால் ஊராது. முதலில் அடிப்பாகத்தை நிறைய நீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். செதில் செதிலாக நிற்கும் துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது தகடு உள்ளே போனால் அதற்கு எண்ணெய் மருந்தாகாது, வெல்டிங்தான். பெட்டிப் பகுதிகளின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, நீளமான வளையும் குழாய் முனையை உள்ளே கடைசிவரை நுழைத்து, அடித்துக்கொண்டே வெளியே இழுங்கள். துளையிலிருந்தும் மடிப்பிலிருந்தும் எண்ணெய் கசிந்து வந்தால் உள்ளே சேர்ந்துவிட்டது என்று பொருள். வேலை முடிந்ததும் அந்தத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள்.

அடிக்கக் கூடாத இடங்கள்: பிரேக் டிஸ்க், பேட், சைலன்சர், பெல்ட். இயற்கை ரப்பர் புஷ்கள் சில எண்ணெய்களில் ஊறி உப்பிவிடும். மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள்களையும் அவற்றின் இணைப்புகளையும் தொடாமல் விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

அடியில் இருக்கும்போது பிரேக் குழாய்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கதவில் ஓட்டை விழுந்தால் அசிங்கம், அவ்வளவுதான். பிரேக் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அதற்குள் உயர் அழுத்தத்தில் திரவம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015இல் பழைய வண்டிகளின் பிரேக் குழாய்த் துருவைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. கிளிப்பை விலக்கிப் பார்த்துக் குழாய் பொருக்குத் தட்டியிருந்தால் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். மாற்றும்போது செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கிடைத்தால் அதையே போடலாம், உப்புக்கு அது அசையாது.

பனிக்காலம் நடக்கும்போது வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் ஏறும் நாளாகப் பார்த்து அடிப்பாகத்தைக் கழுவினால் போதும். அழுத்தம் மிகுந்த நீரை மடிப்புகளுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். எண்ணெயைக் கழற்றிவிட்டு உப்புநீரை உள்ளே தள்ளும். தவறவே கூடாதது வசந்தத்தின் முதல் கழுவல். சாலையில் உப்பு நின்றுபோய், வெயில் ஏறி, மிச்ச உப்பு முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கும் வாரம் அது. கழுவும்போதே எங்கெங்கே பூச்சு தேய்ந்து தகடு தெரிகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த இலையுதிர் காலத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.