நிறக்கசிவு

கும்பகோணம் பக்கம் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் அடிக்கும் கடைகளில் ‘ப்ளீட்’ என்ற சொல் நாள் முழுக்கக் காதில் விழும். ஆனால் அதற்கு இரண்டு பொருள். “ப்ளீட் விட்டாச்சா?” என்று அச்சகத்தில் கேட்டால், தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்கப் படத்தை வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மி.மீ. அளவு நீட்டியாயிற்றா என்று கேட்கிறார்கள். “கலர் ப்ளீட் ஆகுது” என்று டிசைனர் சொன்னால், ஒரு லேயரின் (கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) நிறம் பக்கத்து லேயரில் ஏறிவிட்டது என்கிறார். முதலாவது வேண்டிச் செய்வது, இரண்டாவது வேண்டாதது. அந்த இரண்டாவதற்குத்தான் முதலில் தமிழ்ச் சொல் தேடுகிறேன்.

ஆங்கிலத்தில் இது இரத்தத்தைக் குறிக்கும் சொல்லோடு பிறந்த வினை. குருதி வடிவதைச் சொன்ன சொல், துணியில் சாயம் பரவுவதற்கும் ஆகி வந்தது. அதற்காக ‘வண்ண இரத்தப்போக்கு’ என்று மாற்றி வைப்பது தமிழுக்குச் செய்யும் கொடுமை. ‘சாயம் இறங்குது’ என்பது நல்ல பேச்சு வழக்குதான். ஆனால் அது துணி தன் நிறத்தை இழப்பதைச் சொல்கிறது. இங்கே எந்த நிறமும் போவதில்லை, எல்லையைத் தாண்டுகிறது.

என் தேர்வு ‘நிறக்கசிவு’. வரப்பில் நண்டு வளை போட்டிருந்தால் மேல் வயல் தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாகக் கீழ் வயலுக்குப் போய்விடும். மடை திறந்து பாய்ச்சுவதை யாரும் கசிவு என்று சொல்வதில்லை. மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல், சிறு இடைவெளி வழியே போவதுதான் கசிவு. பழைய சொல்லும்கூட: சீர்காழியில் பிறந்த சம்பந்தர் ‘காதலாகிக் கசிந்து’ என்று பாடியிருக்கிறார். ஆகவே மல்டிப்ளை, ஓவர்லே என்று லேயர்களின் நிறங்களைக் கலக்கும் முறைகளை நாமே தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதைக் ‘கலப்பு’ என்போம். தானாக நடப்பது கசிவு.

சரி, படத்தில் நண்டு வளை எங்கே இருக்கிறது? வெள்ளைப் பின்னணியில் எடுத்த அம்மன் படத்தை வெட்டி, அரக்கு நிறத்தின் மேல் வையுங்கள். பச்சைப் பட்டின் ஓரமாக மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு படிக்கட்டுபோலத் தெரியக்கூடாது என்பதற்காக ஓரத்துப் பிக்சல்கள் (படத்தின் நிறப் புள்ளிகள்) பாதி ஒளிபுகும்படி இருக்கும். அந்தப் பாதிக்குள் பழைய வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். முழுக்க ஒளிபுகும் பிக்சலுக்கும்கூட ஒரு நிற எண் உண்டு. படத்தைச் சுருக்கும்போது சில மென்பொருள்களில் அது எட்டிப் பார்த்துவிடும். நிற எண்ணை ஒளிபுகாமையால் முன்கூட்டியே பெருக்கி வைத்தால் இந்தச் சிக்கல் வராது. படங்களை அடுக்கிச் சேர்க்கும் கணக்கைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-லேயே அந்த முறையில்தான் எழுதினார்கள். ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்ததே 1994-ல், 3.0 பதிப்பில்.

ஒட்டிய வெள்ளையை எடுக்க ஃபோட்டோஷாப்பில் ‘டீஃப்ரிஞ்ச்’ என்ற கட்டளை இருக்கிறது. நிறத்தைத் தேய்த்து இழுக்கும் ஸ்மட்ஜ் கருவியில் ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’ டிக்கை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கீழ் லேயரின் நிறத்தையும் இழுத்துக்கொண்டு வரும். வண்ணம் தீட்டும்போதோ, ஒளிபுகும் பிக்சல்களை லாக் செய்துவிட்டால் தூரிகை உருவத்துக்கு வெளியே போகாது.

இந்த லாக் நம் ஊருக்குப் புதிதில்லை. கொள்ளிடத்தை ஒட்டிய கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்குச் சேலை செய்தவர்கள், சாயம் ஏறக்கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசிவிட்டுத்தான் துணியைச் சாயத்தில் முக்கினார்கள். மெழுகு நின்ற இடத்தில் சாயம் ஏறவில்லை. கணினியில் அதைச் செய்யும் மாஸ்க்கை ‘மெழுகு’ என்றே அழைத்தால் எனக்குச் சம்மதம்.

அப்புறம், அந்த 3 மி.மீ. ப்ளீட்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். வெட்டுக்காக மிகையாக விடுவதால் ‘வெட்டுமிகை’ என்கிறேன். வேலைச் சீட்டில் ‘வெட்டுமிகை 3 மி.மீ., கசிவு பார்த்தாச்சு’ என்று எழுதிக் கொடுத்தால், அச்சகத்திலிருந்து எது என்று கேட்டுப் போன் வராது.