பிக்கப்பைத் தூக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள்

"எத்தனை அங்குலம் தூக்கலாம், அண்ணா?"

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பூக்காரம்மாவிடம் முழக் கணக்கில் கேட்பதுபோல, இரண்டு, மூன்று, நான்கு என்று அங்குலத்தில் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: பின்பெட்டியில் தினமும் எத்தனை கிலோ ஏற்றுகிறீர்கள்? பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது.

வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு உர மூட்டை ஏற்றுகிறவர், அடி இடிக்கிறது, மூன்று அங்குலம் உயர்த்த வேண்டும் என்று வந்தார். வெறும் வண்டியாக வந்தவரைத் திருப்பி அனுப்பி, மறுநாள் பத்து மூட்டையோடு வரச் சொன்னேன். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்தோம். (தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும்.) பின்னால் வலப்புறம் மட்டும் தனியாக இறங்கியிருந்தது. கீழே படுத்துப் பார்த்தால், ஸ்பிரிங்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய இரும்புப் பட்டைகள் வளைவே இல்லாமல் சப்பையாகக் கிடந்தன. இரண்டாவது பட்டை நுனியில் விரிசல். இடித்த தழும்புகள் எல்லாம் ஏறி இறங்கும் பக்கப் படியில்தான் இருந்தன, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஒரு கீறல்கூட இல்லை. இருபுறமும் பட்டைக் கட்டைப் புதிதாக மாற்றி, படியைக் கழற்றி உயர்த்தி மாட்டினோம். வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பான லிஃப்ட் கிட் எதுவும் வாங்காமலே அவருடைய குறை தீர்ந்தது. எனக்கு வருமானம் குறைவுதான்.

உயர்த்துவதால் எது உயர்கிறது என்பதில்தான் பெரிய குழப்பம். ஸ்பிரிங்கை நீட்டினால் சேசிஸும் உடலும் மேலே போகும். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்குகிற டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் அது சக்கரத்தோடு சேர்ந்தது. பாதை நடுவே துருத்தி நிற்கிற பாறை முதலில் தட்டுவது அதைத்தான். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. 245/70 ஆர் 16 டயரை எடுத்துவிட்டு 265/70 ஆர் 16 போட்டால் விட்டம் சுமார் 28 மில்லிமீட்டர் கூடும். டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது அதில் பாதி, 14 மில்லிமீட்டர். கூடவே ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி முன்னைவிட 3 கிலோமீட்டர் வேகமாக ஓடும்.

மலிவாக உயர்த்தித் தருகிறோம் என்பவர்கள் பெரும்பாலும் செய்வது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த முன் ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு உலோக வளையத்தை வைப்பது. சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்க மேலும் கீழும் இரண்டு கைகள் உண்டு; ஸ்ட்ரட் உட்காருவது கீழ்க் கையின் நடுப்பகுதியில் என்பதால், மேலே ஒரு அங்குல வளையம் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் வரும். இந்தக் கணக்கு தெரியாமல் இரண்டு அங்குல வளையத்தை வைத்த ஒரு 4x4 வண்டி சென்ற ஆண்டு வேறு ஊரிலிருந்து என்னிடம் வந்தது. உரிமையாளர் சொன்ன குறை, வளைவில் டக் டக் என்ற சத்தம். வண்டியை மேடையில் ஏற்றிச் சக்கரத்தைத் தொங்கவிட்டதும் விஷயம் தெரிந்தது. ரிம்மின் உட்புறம் முழுக்கக் கரிய கிரீஸ் விசிறியடித்திருந்தது. முன் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலின் ரப்பர் உறை மடிப்போடு மடிப்பாகக் கிழிந்து, உள்ளே செம்மண் புகுந்து, மூட்டில் உருளும் இரும்புக் குண்டுகள் தேய்ந்துபோயிருந்தன. மேல் கையின் நுனியில் உள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் தன் எல்லையைத் தொட்டு முட்டிக்கொண்டு நின்றது. ஆக்சில் அந்தக் கோணத்தில் சுழலப் பிறந்தது இல்லை. வளையத்தைத் தூக்கிப் போட்டு, ஆக்சிலும் பால் ஜாயிண்ட்டும் மாற்றிய செலவில் நல்ல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வாங்கியிருக்கலாம். பின் சக்கரம் மட்டும் இயங்கும் 4x2 வண்டியில் முன் ஆக்சில் கவலை இல்லை, பால் ஜாயிண்ட் கவலை அப்படியே இருக்கும்.

அந்த வண்டியில் சத்தத்தைவிட என்னைப் பயமுறுத்தியது பின்பக்கம். பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய கம்பியால் இணைத்த ஒரு பிரேக் வால்வு இருக்கும். சுமை ஏறி உடல் இறங்கினால், அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும்; வெறும் வண்டியில் குறைக்கும். வண்டியை உயர்த்திவிட்டு இந்தக் கம்பியின் பிடிமானத்தை அதற்கேற்ப மாற்றவில்லையானால், ஒரு டன் ஏற்றினாலும் வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன் பிரேக்கே கூடுதல் சுமையைத் தாங்கிச் சூடேறும். இதைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

சரி, உண்மையிலேயே உயர்த்தத்தான் வேண்டும் என்கிறவருக்கு? என் அளவு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். அதற்குமேல் போனால் மேல் கை, அலைன்மெண்ட், பிரேக் குழாய் நீளம் என்று வேலை விரிந்துகொண்டே போகும். ஸ்பிரிங்கை உயரம் பார்த்து எடுக்காதீர்கள், எடை பார்த்து எடுங்கள். நல்ல கிட்கள், நிரந்தரமாகச் சுமக்கும் கூடுதல் எடையைக் கணக்கிட்டுத்தான் தரம் பிரிக்கப்படுகின்றன. இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டியிருந்தால் முன்னால் ஒரு தரம். பெட்டியில் எப்போதும் 300 கிலோ கிடந்தால் பின்னால் வேறொரு தரம். சனிக்கிழமை சந்தைக்கு மட்டும் சுமை ஏற்றுகிறவர் கனமான பட்டைக் கட்டைப் போட்டால், மற்ற ஆறு நாளும் பின் சக்கரம் குழிக்குக் குழி துள்ளும். மழை நாளில் மலைச்சாலை வளைவில் அந்தத் துள்ளல் வேடிக்கையாக இருக்காது. ஷாக் அப்சார்பர் உயரத்தைத் தாங்காது, ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. ஆனாலும் நீளமான ஸ்பிரிங்குக்கு நீளமான ஷாக் வேண்டும்.

பட்டைக் கட்டின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் இணைப்புத் துண்டுதான் ஷேக்கிள்; பின்னால் நீள ஷேக்கிள் போடுவது எனக்குப் பிடிக்காது. இரண்டு அங்குலம் நீட்டினால் ஒரு அங்குலம்தான் உயரும், வண்டியின் ஆட்டமோ கூடும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கச் சொல்பவர் பட்டறையிலிருந்து உடனே கிளம்பிவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காசு கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டறைக்காரர் வாய்ச்சொல்லை, என்னுடையது உட்பட, நம்ப வேண்டாம்.

மாட்டும் நாளில் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். பட்டைக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் பழைய யு போல்ட்டை மறுபடி போடுகிறார்களா? ஒருமுறை முறுக்கி இழுபட்டது அது, புதிது கேளுங்கள். மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். பிறகு அலைன்மெண்ட், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பினால் விடாதீர்கள், காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) அளவைத் தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். காஸ்டர் குறைந்த வண்டியின் ஸ்டியரிங் நெடுஞ்சாலையில் அலைபாயும். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி முறுக்க வர வேண்டும். பெரும்பாலும் யாரும் வருவதில்லை, நானே போன் செய்து கூப்பிடுகிறேன்.

கடைசி வேலை இருட்டியபின். என் பட்டறைப் பின்சுவரில் சுண்ணாம்பால் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். உயர்த்திய வண்டியை எதிரே நிறுத்தி, விளக்கைப் போட்டு, வெளிச்சம் கீழ்க்கோட்டுக்கு இறங்கும்வரை திருகைத் திருப்புவோம். இல்லாவிட்டால் எதிரே பைக்கில் வருகிறவர் கண்ணில்தான் அது விழும்.