மேல் எண் மட்டும் ஏறும்போது

உதகையில் அறுபதைக் கடந்தவர்களின் இரத்த அழுத்தத்தை அளக்கும்போது 170/70 போன்ற எண்களை அடிக்கடி காண்கிறேன். "கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது டாக்டர், வயதோடு நூறைக் கூட்டினால் சரியாக வருகிறதே" என்று பலர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கணக்கை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது.

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி, ஒவ்வொரு துடிப்பிலும் சற்றே விரிந்து இரத்தத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் சுருங்கி அதை முன்னே தள்ளுகிறது. இந்த நெகிழ்வைத் தரும் எலாஸ்டின் என்னும் புரதம் இளம் வயதிலேயே பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடுகிறது. பல்லாண்டுத் துடிப்பில் அதன் இழைகள் அறுந்துபோக, அந்த இடத்தை கொலாஜன் என்னும் விறைப்பான புரதம் பிடித்துக்கொள்கிறது. உட்சுவர் செல்கள் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குறைவதால், தமனிகள் தேவைக்கேற்ப விரிவதும் குறைகிறது. இதனால் இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தமான மேல் எண் எகிறுகிறது, ஓய்வின்போதுள்ள அழுத்தமான கீழ் எண் சரிகிறது. இதயத் தசைக்கான இரத்தம் பெரும்பாலும் அந்த ஓய்வு நேரத்தில்தான் பாய்கிறது என்பதால், மேல் எண் உயர்ந்திருக்கையில் தாழ்ந்து நிற்கும் கீழ் எண்ணைக் கண்டு ஆறுதல் கொள்ள ஏதுமில்லை.

விறைத்த குழாய்க்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளியே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. தடித்த அறை வலுவாகச் சுருங்கும், ஆனால் எளிதில் தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறிக்கையில் 'பம்பிங் 60 சதவீதம்' என்று கண்டு வீட்டார் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். இதயம் எவ்வளவு வெளியேற்றுகிறது என்பதை மட்டுமே சொல்லும் அந்த எண், அது எவ்வளவு சிரமப்பட்டு நிரம்புகிறது என்பதைச் சொல்வதில்லை. நிரப்பும் சுமையைத் தாங்கும் மேலறை நாளடைவில் பெருத்து, ஒழுங்கற்ற துடிப்புக்கும், அதன் வழியே பக்கவாதத்துக்கும் இடம்கொடுக்கிறது.

இந்தக் குறைபாடு முதலில் வெளிப்படுவது ஏற்றத்தில்தான். நாடி வேகமெடுக்க, நிரம்பும் நேரம் சுருங்கி, அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குச் சென்று மூச்சு வாங்குகிறது. மலைவாசிகள் இதை மேட்டின் மீதும் வயதின் மீதும் போட்டுவிடுவது இயல்பு. ஆனால் 2,240 மீட்டர் உயரம் இங்கேயே வாழ்ந்தவர்களுக்குப் புதிதல்லவே. தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் அதே பாதையில் போன வருடம் எத்தனை இடத்தில் நின்றீர்கள், இப்போது எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்று நான் கேட்பது அதனால்தான். படுத்தால் மூச்சு முட்டுவதும், மாலையில் கால் வீங்குவதும் சேர்ந்துகொண்டால் காத்திருக்கக் கூடாது.

உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் தோலின் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் மேலும் உயரும். அந்த மாதங்களில் விடியற்காலை நடையை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நடையை நிறுத்த வேண்டியதில்லை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

அழுத்தத்தை உட்கார்ந்து அளந்தால் மட்டும் போதாது. அழுத்த மாற்றத்தை உணரும் கழுத்துத் தமனியின் திறன் மங்குவதால் முதியவர்கள் எழுந்ததும் தலைசுற்றி விழுகிறார்கள். எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் எண் 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். குளிருக்குப் பயந்து கோயம்புத்தூரில் பிள்ளைகள் வீட்டுக்கு இறங்குபவர்களுக்கும் இது பொருந்தும். கீழே வெப்பத்தில் குழாய்கள் விரிவதால், மலையில் சரியாக இருந்த அதே மாத்திரை அங்கே அளவுக்கு மீறியதாகலாம். தாமாக நிறுத்திவிடாமல், இறங்கிய ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்தும் நின்றும் அளந்து, அந்த எண்களை மருத்துவரிடம் தெரிவித்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். திரும்பி மலையேறியதும் மறுபடி அளக்க வேண்டும்.