கறுப்புக் கயிறும் ஈரல் துண்டும்

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்: "என் நாய் வீட்டுத் தோப்பில் ‘ஹீல்’ என்றதும் குதிரைக்குட்டி மாதிரி துள்ளி நடக்கிறது. போட்டிக் களத்துக்குள் போனால் துவண்டுவிடுகிறது. மூன்றாவது போட்டியில் முதலிரண்டைவிட மோசம். கண்ணேறு என்று பாட்டி மிளகாய் சுற்றிப்போட்டு, கழுத்தில் கறுப்புக் கயிறும் கட்டிவிட்டார். அறிவியல் என்ன சொல்கிறது?"

கயிறு இறுக்காமல் இருந்தால் அதனால் கெடுதல் இல்லை. நன்மையும் இல்லை. இந்த நாய்க்கு வந்திருப்பது கணக்குப் பிரச்சினை.

நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டியில் ஹீல் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாய் நம் இடப்பக்கம், அதன் தோள் நம் காலை ஒட்டியபடி, கால்சட்டைத் தையலுக்கு நேராக வர வேண்டும். நாம் திரும்பினால் திரும்ப வேண்டும், ஓடினால் ஓட வேண்டும், நின்றால் சொல்லாமலே உட்கார வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் நடுவர் மதிப்பெண்ணில் கைவைப்பார். இவ்வளவும் சரியாகச் செய்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தாலும் கைவைப்பார். நாய் விருப்பத்தோடு வேலை செய்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பழைய முறை சங்கிலியைச் சுண்டுவது. பல ஆண்டுகளுக்கு முன் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு நாயை நானும் அப்படித்தான் பழக்கினேன். அது இடம் மாறாமல் நடந்தது, வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு. அடிக்குப் பயந்து படிக்கிற பையன் தேர்ச்சி மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்வதைப் போல, சங்கிலிக்குப் பயந்த நாயும் அதைச் சுண்டாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் வேலை செய்யும். அதற்கு மேல் செய்ய அதற்கு என்ன காரணம் இருக்கிறது?

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற ஆய்வாளர், குரங்கின் நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பை நுண்ணிய மின்முனை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்ததும் அணுக்கள் படபடவெனத் துடித்தன. இதில் வியப்பில்லை. பிறகு ஒவ்வொரு முறையும் சாற்றுக்குச் சற்று முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டார். சில நாளில் துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்ந்துவிட்டது. சாறு வந்தபோது அணுக்கள் அசையவே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. ‘வரவில்லை’ என்பதை மூளை கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்கிறது!

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே மழைமறைவில் இருக்கும் எங்களுக்கு இது புதிதல்ல. ஜூன் முதல் வாரத்தில் பனைகளைச் சாய்த்துக்கொண்டு மேற்கிலிருந்து ஈரக்காற்று வரும்போதே மனம் துள்ளிவிடும். அடுத்து மழை பெய்தால், ‘பெய்கிறது’ என்பதோடு சரி. காற்று வந்தும் மழை பெய்யாமல் போகிற மாலையில்தான் வீடே வெறிச்சென்று இருக்கும். டோபமைன் அணுக்கள் எழுதுவது இன்பக் கணக்கு அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம். இதைக் கணிப்புப் பிழை என்கிறோம். ஷூல்ட்ஸ், பீட்டர் டாயன், ரீட் மான்டேகு மூவரும் 1997-இல் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். கணினிக்குக் கற்றுக்கொடுக்க ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் வகுத்திருந்த சூத்திரம் அப்படியே பொருந்தியது. குரங்குக்குச் சாறு ஊற்ற மக்கள் பணமா என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்டிருக்கலாம். நம் ஊரில் கேட்டே விடுவார்கள். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் எப்படிக் கற்கின்றன என்று ஆராய யாராவது பணம் தர மாட்டார்களா என்பது என் நெடுநாள் ஏக்கம்.

குரங்குக்குச் சரி, நாய்க்கு? 2012-இல் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழு இரண்டு நாய்களை, கட்டிப்போடாமல், மயக்க மருந்து தராமல், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுக்கப் பழக்கியது. ஒரு கைச்சைகை தின்பண்டம் வரும் என்பதற்கு. மற்றொன்று வராது என்பதற்கு. முதல் சைகையைக் கண்டதுமே, மூளையில் டோபமைன் வந்து சேரும் காடேட் என்ற பகுதி விழித்துக்கொண்டது.

இப்போது அந்தத் தோப்புக்குப் போவோம். ‘ஹீல்’ என்ற சொல் தமிழா, மலையாளமா, இங்கிலீஷா என்பது நாய்க்கு ஒரு பொருட்டல்ல. அது எரிகிற விளக்கு, அவ்வளவுதான். இந்த விளக்குக்கு நாயின் அணுக்களைத் துடிக்க வைக்க, முதல் நாள் ஒரே ஓர் அடி நடந்தால் போதும். தலை நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும் கணத்தில் "சரி" என்று சொல்லி, வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று. ஈரலை இடக்கையால், தையலுக்கு நேராக, நாயின் வாய் இருக்க வேண்டிய இடத்திலேயே கொடுங்கள். வலக்கையைக் குறுக்கே நீட்டிக் கொடுத்தால், நாய் ஈரல் வரும் வழியைப் பார்த்து நம் முன்னால் வளைந்து வந்துவிடும். திருப்பங்களுக்குப் பின்னங்கால் பழக வேண்டும். கவிழ்த்துப்போட்ட அகலப் பாத்திரத்தின் மேல் முன்னங்கால்களை வைக்கச் செய்து, பின்பாகத்தால் சுற்றிவரப் பழக்கினால், இடப்பக்கம் திரும்பும்போது இடுப்பு தானாக உள்ளே வரும்.

அடுத்ததுதான் நுட்பம். ஐந்து அடிக்கு ஒரு துண்டு என்று ஒழுங்காகக் கொடுத்தால் கணிப்புப் பிழை சுழியாகிவிடும். நாய் சம்பள நாள் தெரிந்த குமாஸ்தாவைப் போல நடக்கும். ஐந்து, பத்து, இருபது என்று ஏற்றிக்கொண்டே போனால் இன்னும் மோசம்: வேலை கூடிக்கொண்டே போகிறது என்பதை நாய் கண்டுபிடித்துவிடும். மூன்றாம் அடியில் ஒன்று, பதினான்காம் அடியில் நான்கு துண்டு, அடுத்து முதல் அடியிலேயே ஒன்று. எப்போது, எவ்வளவு என்று தெரியாதபோது ஒவ்வோர் அடியும் ஈரக்காற்றுதான்.

அப்படியானால் களத்தில் என்ன ஆனது? தொலைபேசியில் கேட்டேன்.

"ஈரல் எங்கே இருக்கும், தம்பி?"

"இடுப்புப் பையில், அண்ணா. களத்துக்குள் தின்பண்டம் கூடாது என்பதால் பையைக் கழற்றிவைத்துவிட்டுப் போவேன்."

"தோப்பில் எப்போதாவது பை இல்லாமல் நடத்தியிருக்கிறீர்களா?"

சிறிது நேரம் பதில் இல்லை. "இல்லை, அண்ணா."

பையும் ஒரு விளக்குதான். பை இல்லை, வெள்ளைக் கயிறு கட்டிய சதுரம், கையில் தாளோடு ஓர் ஆள்: இந்த மூன்றும் சேர்ந்தால் ஈரல் வராது என்று மூன்று போட்டிகளில் நாய் மிகச் சரியாகக் கற்றுக்கொண்டது. துவண்டது அதன் புத்திசாலித்தனம்.

மாற்றச் சொன்னது சிறியது. பையை வீட்டில் விட்டுவிட்டு, ஈரல் டப்பாவைத் தோப்பின் மூலையில் பனைமரத்தடியில் வையுங்கள். நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். உங்கள் மாமாவின் கையில் ஒரு தாளைக் கொடுத்து முறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரத்துக்குள் சில சமயம் இரண்டடி, சில சமயம் நாற்பதடி நடந்து, "சரி" என்றதும் இருவரும் சேர்ந்து டப்பாவுக்கு ஓடுங்கள். ஏப்ரல் என்பதால் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மூச்சிரைக்கும் நாயால் தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்ள முடியாது.

போன வாரம் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். மாமா தாளும் கையுமாக நிற்கிறார், பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், நாய் முகத்தை வானத்துக்கு உயர்த்திக்கொண்டு துள்ளி வருகிறது. கழுத்தில் கயிறு புதிதாக மாற்றப்பட்டிருந்தது.